நூலக பஸ்ஸுக்குக் கை காட்டியவன்

என் கிழவன் என்சியோ முப்பத்தொரு வருஷமாக எதிரே வந்த ஒரு கேரவனையும் கை காட்டாமல் விட்டதில்லை. படுக்கையும் அடுப்புமாக வீட்டையே ஓட்டிக்கொண்டு திரியும் கேரவன்காரர்கள் சாலையில் ஒருவரை ஒருவர் கண்டால் கை தூக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை, ஆனால் தூக்காதவன் மனுஷனே இல்லை. என்சியோவுக்கு அதில் ஒரு முறை உண்டு. உள்ளங்கை ஸ்டியரிங்கை விட்டு நகராது. நான்கு விரல் மட்டும் எழும்பும், தலை அரை அங்குலம் தாழும். சிரிப்பு கிடையாது. சிரித்தால் ஜெர்மன்காரன் என்று நினைத்துவிடுவார்களாம். சாதாரணக் காருக்கு அந்த விரல்கள் எழாது. லாரிக்கும் எழாது, அவனே முப்பத்தெட்டு வருஷம் மர லாரி ஓட்டியவன் என்றாலும். ரிட்டையர் ஆன மறுநாளே லாரிகளுக்குக் கை காட்டுவதை நிறுத்திவிட்டான். வேலையில் இல்லாதவன் கை காட்டினால் வேலை கேட்கிற மாதிரி இருக்கும் என்றான்.

அப்படிப்பட்டவன் இந்த ஜூன் மாதம், கூசமோவுக்குத் தெற்கே, ஒரு நூலக பஸ்ஸுக்கு நான்கு விரலையும் தூக்கித் தலையைத் தாழ்த்தினான். அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நார்வேக்குப் பக்கத்து நாடு எங்களுடையது, அதில் நான் கிழக்கே சாவோ பக்கத்துக்காரி. நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது, சுற்றித்தான் வருவேன். என்சியோ தெற்கே ஹாமெக்காரன். அந்தப் பக்கத்து ஆட்களிடம் இன்றைக்குக் கேட்டால் நாளைக்குப் பதில் வரும். நாற்பத்து நாலு வருஷமாக இப்படித்தான் குடித்தனம் நடக்கிறது. நான் கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, அவன் சார்பில் சண்டையும் போட்டுக்கொள்வேன்.

1989இல் பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. அதில் நாட்டின் வட கோடியில் ஓடும் லெம்மன்யோகி ஆறு. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் கறுப்புத் தண்ணீர், அதன் மேல் ஒடிசலாக நீண்ட ஒரு படகு. வாய் மரத்துப்போன நிலையிலேயே வெளியே வந்து அங்கே போக வேண்டும் என்று என்சியோவிடம் சொன்னேன். அடுத்த வருஷம் என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் வடக்கே போனோம். ஆனால் ஆற்றுக்கு இல்லை, நார்வே கடலோரம் காட் மீன் பிடிக்க. இனாரி ஊருக்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒரு திருப்பம் வரும், அதில் போனால் என் ஆறு. அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம் நான் இருமுவேன். ஜலதோஷமா என்று கேட்டுவிட்டு அவன் நேராகப் போவான்.

முப்பத்து நாலு வருஷம் இருமினேன். இந்த மே மாதம் ஒருநாள் மீன் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த வருஷம் ஒன் ஆத்துக்குப் போவோம், கெழவி" என்றான். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் அவனுக்கு எழுபது வயது முடிகிறது. அதற்குப் பிறகு வண்டி ஓட்ட வேண்டும் என்றால் டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். நேரம் வாங்கு, நேரம் வாங்கு என்று நான் நச்சரித்தேன். போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிக் கழித்தான். லைசென்ஸ் போனால் இவனுக்குக் கால்சட்டை போன மாதிரி என்பது எனக்குத் தெரியும், அதனால் ரொம்பவும் அழுத்தவில்லை. அந்தச் சான்றிதழ் கிடைக்காது என்று அவனுக்கு முன்பே தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயமும் நடந்தது. ஏப்ரலிலிருந்து நான் பேசும்போதெல்லாம் அவன் என் காதையே பார்த்தான். ஈஸ்டருக்கு மகள் ஒரு ஜோடி வெள்ளித் தோடு வாங்கித் தந்திருந்தாள். அதுதான் கிழவன் கண்ணை இழுக்கிறது என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோனது. இந்த வயதில் ஒருத்தன் தோட்டைக் கவனிக்கிறான் என்றால் சும்மாவா. சௌனா என்கிற வெந்நீராவிக் குளியலறைக்குள்கூட அதைக் கழற்றாமல் போய் உட்கார்ந்து, வெள்ளி சூடேறி, இரண்டு காது மடலையும் சுட்டுக்கொண்டேன்.

வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேரவன் ஏழு மீட்டர் நீளம், அவன் ராஜ்யம். என்னிடமும் லைசென்ஸ் உண்டு, 1978இலிருந்து. சின்ன கார் ஒன்று வைத்துக்கொண்டு கடைக்கும் பாட்டுக் குழுவுக்கும் போய்வருவேன். ஆனால் கேரவனை ஒரே ஒரு தடவைதான் தொட்டேன், 1996இல். பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகையில் போய் நின்றது. கொட்டகை இன்னும் சாய்ந்தபடிதான் இருக்கிறது. உலகத்தில் வேறு எதைப் பற்றியும் பேசாதவன் என் டிரைவிங்கைப் பற்றி மட்டும் பிரசங்கம் செய்வான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கொட்டகை எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. என் வேலை காப்பி, ஏலக்காய் பன், வரைபடம்.

எங்கள் ஊர் ஈசல்மியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். கயானி தாண்டியதும் எதிரே ஒரு கேரவன் வந்தது, உள்ளே இரண்டு பேர் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நான்கு கையையும் ஆட்டினார்கள். என்சியோவின் விரல் அசையவில்லை. ஏன் கை காட்டவில்லை என்று கேட்டேன். ஜெர்மன்காரனாக இருப்பான் என்றான். ஜெர்மன்காரனுக்கும் கை காட்டுகிறவன்தானே நீ என்றேன். சுவோமுஸ்ஸல்மி போவதற்குள் இன்னும் இரண்டு கேரவன் வந்தது. அவற்றுக்கும் கை எழவில்லை. கேரவன் சங்கத்துத் தலைவரோடு போன குளிர்காலத்தில் அவனுக்கு ஏதோ மனஸ்தாபம், அந்தக் கோபத்தில் மொத்த இனத்தையே ஒதுக்கிவைத்துவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் நூலக பஸ். வெள்ளை நிறம், பக்கத்தில் ஆள் உயர ஆந்தைப் படம், நெற்றியில் நூலகம் என்று கொட்டை எழுத்து. அதற்கு நான்கு விரல், அரை அங்குலத் தலை, முழு மரியாதை. பஸ்ஸை ஓட்டி வந்த பெண் ஒரு நொடி திகைத்து, பிறகு முகமெல்லாம் மலர்ந்து கையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் சிரித்த சிரிப்பில் காப்பி மடியில் கொட்டியது. எத்தனை புத்தகம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வெயில் கண்ணில் அடித்தது என்றான். வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அடுத்து ஒரு பால் டேங்கருக்குக் கை காட்டினான். அதற்கும் சிரித்தேன். கெமியார்வி நெருங்கும்போது ஒரு சவ வண்டி வந்தது, நீளமாக, பளபளவென்று, கண்ணாடிக்கு உள்ளே பூ. என்சியோ விரலைத் தூக்கினான். கறுப்பு கோட்டுப் போட்டிருந்த டிரைவர், தொழில் தெரிந்தவர், அதே அளவு தலையைத் தாழ்த்திக் கடந்து போனார். என் சிரிப்பு அங்கேதான் நின்றது. இது வெயில் இல்லை, சங்கத்துத் தலைவரும் இல்லை.

மறுநாள் சொதன்கூலாவைத் தாண்டியதும் பனிமான்கள் வர ஆரம்பித்தன. அதுகளுக்குச் சாலை என்றால் தங்கள் வீட்டுக் கூடம் மாதிரி, நிற்கும், படுக்கும், நம்மைப் பார்த்து அசை போடும். மானைக் கண்டு சொல்வது என் வேலை, எப்போதும் எண்ணிக்கையோடு சொல்வேன். இடது பக்கம் மூணு, வலது பக்கம் ஒண்ணு, குட்டியோடு. ஆனால் இத்தனை வருஷமும் நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கால் பிரேக்கில் இருக்கும். இந்த முறை நான் சொன்ன பிறகுதான் வேகம் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் "பாத்துட்டேன்" என்பான். சொன்ன பிறகு.

இனாரிக்கு முன்னால் என் திருப்பம் வந்தது. அதைத் தாண்டி நேராகப் போனான். நான் இருமினேன். தெரியும், தெரியும் என்று சொல்லி நிறுத்திப் பின்னால் எடுத்தான். என் ஆற்றுக்காக எழுநூறு கிலோமீட்டர் வந்தவன் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் வளைந்து வளைந்து போகும் காட்டு ரோடு, நாற்பது கிலோமீட்டர். ஒரு நேரான இடம் வந்தது. முன்னால் சாலை காலி, ஒரு காக்கைகூட இல்லை. நான், "மான்" என்றேன்.

"பாத்துட்டேன்" என்று சொல்லி அவன் பிரேக்கை மிதித்தான்.

நிறுத்து, இறங்கு என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் வண்டி ஓட்டியது முடிந்துபோயிற்று என்று அவனிடம் சொல்கிற வாய் என் வாயாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கோழைத்தனம்தான், வேறு என்ன. வயிற்றைப் புரட்டுகிறது, நாற்பதுக்கு மேல் போகாதே என்று ஒரு பொய் சொன்னேன். பிறகு வளவளவென்று பேசுகிற மாதிரி ரோட்டை வாசித்துக்கொண்டே வந்தேன். வலது பக்கம் எவ்வளவு வளைகிறது பார், அதோ குறுகின பாலம், அதோ ஒரு சைக்கிள்காரன் பாவம் ஏற்றத்தில் திணறுகிறான். எப்போதும் பேசுகிறவள் என்பதால் அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். ஆற்றங்கரை கேம்ப்பில் வண்டியை நிறுத்தியபோது என் ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று நான் தூங்கவில்லை. திரும்பிப் போகும்போது இந்த சீட்டில் யார் உட்காருவது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

காலை பத்து மணிக்குப் படகு. காலண்டரில் பார்த்த அதே மாதிரி, ஆள் அகலம், ஆறு ஆள் நீளம் இருக்கும் போல ஒரு படகு. ஓட்டுபவள் மாரெத், நாற்பது வயதிருக்கும், வட கோடியில் பனிமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடிக்காரி, பின்னால் நின்றபடி ஒரு கையை மோட்டார் பிடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்ப்பாள். எங்களைத் தவிர இரண்டு டச்சு அக்கா தங்கைகள், அப்புறம் தாம்பேரேயிலிருந்து வந்த ஒரு ஆள். அவன் காமிராக் குழல் அடுப்பு விறகு அளவுக்கு இருந்தது. எல்லோருக்கும் மாரெத் ஆளுக்கொரு கம்பளி கொடுத்தாள்.

ஆறு அழகாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் தேயிலை நிறம், மலையின் நிழல் விழுந்த இடத்தில் கறுப்பு, கரையில் பூர்ச்ச மரங்களில் இலை இப்போதுதான் விட்டிருந்தது. முப்பத்து நாலு வருஷம் காத்திருந்த ஆற்றில் உட்கார்ந்துகொண்டு நான் பக்கத்தில் இருந்தவனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மாரெத் மோட்டாரைத் தணித்துவிட்டு, இடது கரையில் பட்டுப்போன பைன் மரத்து உச்சியைக் காட்டினாள். பொன் கழுகு, ஒரு குழந்தை அளவு இருக்கும். டச்சுப் பெண்கள் மூச்சை அடக்கினார்கள். தாம்பேரேக்காரன் குழலைத் தூக்கினான். எல்லாத் தலையும் இடது பக்கம். என்சியோ மட்டும் வலது கரையைப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு பெருசு" என்றான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது நன்றாக வரும். தாம்பேரேக்காரன் குழலை இறக்கித் துடைக்க ஆரம்பித்தான், அதில் அழுக்கே இல்லை.

அதற்குச் சற்று மேலே கற்கள் தலை நீட்டின. இந்த வருஷம் மழை குறைவு. பாரத்தோடு படகு ஏறாது, எல்லோரும் இறங்கிக் கரையோரமாக நடந்து வாருங்கள், மேலே வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று மாரெத் சொன்னாள். மற்ற மூவரும் முன்னால் போனார்கள். பாதை முழுக்க வேர். நான் என்சியோவின் கையைப் பிடித்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, ஆனால் அவன் உதறவில்லை.

"கழுகு இடது பக்கம் இருந்துச்சு, என்சியோ."

அவன் நடந்தான். ஹாமெக்காரன், நேரம் எடுக்கும். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன், என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் பேசாமல் நடந்ததில்லை.

"நேத்து அந்த மான்" என்றான். "இருந்துச்சா?"

"இல்ல."

"நெனச்சேன். எண்ணிக்கை சொல்லல நீ. பிரேக் போட்டப்புறம்தான் ஒறைச்சுது."

அப்புறம் சொன்னான். ஏப்ரலில் தூண்டில் நரம்பு வாங்க பக்கத்து நகரமான குவோபியோவுக்குப் போகிறேன் என்று போனவன் கண் டாக்டரிடம் போயிருக்கிறான். பார்வையின் நடுவில் ஒரு கறை, இரண்டு கண்ணிலும். ஓரம் தெரியும், நேராகப் பார்ப்பதுதான் அழிகிறது. ஆபரேஷன் கிடையாது. முழுசாக இருட்டாகாது, ஆனால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டும். டாக்டர் நம் மகளைவிடச் சின்னப் பெண், இன்றைக்கே சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொசுவலைத் தொப்பியைக் கழற்றி அவன் நெஞ்சிலேயே அடித்தேன். ரெண்டு மாசமாக மறைத்திருக்கிறாய், எழுநூறு கிலோமீட்டர் குருட்டாம்போக்கில் ஓட்டியிருக்கிறாய், என்னைக் கொன்றிருப்பாய், சைக்கிளில் வந்தவனைக் கொன்றிருப்பாய், அந்த நூலகக்காரியைக் கொன்றிருப்பாய் என்று கத்தினேன். முன்னால் போய்க்கொண்டிருந்த தாம்பேரேக்காரன் ஒரு பூர்ச்ச மரத்தின் பட்டையில் திடீரென்று ஏதோ அதிசயத்தைக் கண்டுபிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என்சியோ அடியை வாங்கிக்கொண்டு நின்றான். தப்பு என்றான். பெரிய தப்பு என்றான்.

"ஒன்ன நானே ஓட்டிக்கிட்டு வந்து இங்க எறக்கணும்னு இருந்துச்சு. ஒரு தடவ. முப்பத்தி நாலு வருஷமா நேராவே போயிட்டேன்ல."

"நான் இருமுனது ஒனக்குத் தெரியுமா?"

"எல்லாத் தடவையும் தெரியும்."

அவன் என் காதைப் பார்த்தான். சொல்ல வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டான்.

"இப்பல்லாம் ஒன் மூஞ்சியப் பாக்கணும்னா ஒன் காதத்தான் பாக்கணும், கெழவி. நேரா பாத்தா நீ போயிடுற."

தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு அழுதேன். ஆற்றங்கரையில், வேர் மேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, சத்தம் போட்டு அழுதேன். கொசுவெல்லாம் விருந்துக்கு வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியை என் தலையில் மாட்டிவிட்டான், வலை பின்பக்கம் தொங்கியது.

எழுந்திருப்பதற்கு முன்னால் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். இனி அவன் சாவியைத் தொடவே கூடாது, கேம்ப்பில் வண்டியை ஒரு அடி நகர்த்தக்கூட. தலையாட்டினான். பிறகு அவனும் ஒன்று கேட்டான். நேற்று சொன்ன மாதிரி இல்லாததை இருக்கிறது என்று சொல்லக் கூடாது. எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் இருப்பதைச் சொல்ல வேண்டும். இனிமேல் அவனுக்கு எது தெரிய வேண்டுமானாலும் என் வாய்தான் வழி, அந்த வாய் பொய் சொன்னால் அவன் எங்கே போவான். சத்தியம் செய்து கொடுத்தேன்.

மேலே மாரெத் படகோடு காத்திருந்தாள். காட்டில் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. ஒன்றும் கேட்காத மாதிரி என்சியோவைப் பார்த்து, முன்னால் வந்து உட்கார், தண்ணீர் சத்தம் முனையில்தான் நன்றாகக் கேட்கும் என்றாள். நான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, காதுக்குப் பக்கத்தில் ஆற்றைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மலை எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பாறையில் இரண்டு வாத்து, எத்தனை குஞ்சு. ஏழு என்றேன், ஒன்று பின்தங்கிவிட்டது, ஓடி வருகிறது. கொஞ்ச நேரத்தில் டச்சுப் பெண்கள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும். அருவி இருக்கிறது என்று மாரெத் கை காட்டுவதற்கு முன்னாலேயே என்சியோ தலையைத் திருப்பி, "அருவி" என்றான். அந்தப் பயணத்தில் அவன்தான் அதை முதலில் கண்டான், சத்தத்தை வைத்து.

இறங்கும்போது மாரெத் என்னிடம், "நல்லா சொல்ற. வேலைக்கு வர்றியா, எனக்கு வாய் வலி மிச்சம்" என்றாள். அவள் அன்றைக்கு மொத்தமே இருபது வார்த்தை பேசியிருப்பாள்.

மறுநாள் காலை நான் அந்த சீட்டில் ஏறினேன். முன்னுக்கு இழுத்து, உயர்த்தி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தேன். கேம்ப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, வேடிக்கை பார்க்கவில்லை என்பது போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள். மாரெத்தின் விறகுக் கொட்டகை.

அவளே வந்து கொட்டகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இடித்தாலும் பரவாயில்லை, பழசுதான் என்றாள். மூன்று தடவை என்ஜின் நின்றுபோனது. மூன்று தடவையும் என்சியோவின் கால் தன் பக்கத்துத் தரையை க்ளட்ச் மாதிரி மிதித்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது, ஆனால் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. இருபத்தேழு வருஷப் பிரசங்கத்தை அடக்குவது சின்ன வேலை இல்லை. நான்காவது தடவை வண்டி நகர்ந்தது. கொட்டகை தப்பித்தது. தாம்பேரேக்காரன் ஒரு தடவை கை தட்டி, அது அதிகம் என்று பட்டு நிறுத்திக்கொண்டான்.

இனாரி ரோட்டில் அறுபதில் போனேன். பின்னால் பதினான்கு கார் வரிசை கட்டியது, எண்ணினேன். முதல் கேரவன் எதிரே வந்தபோது என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிப்போயிருந்தது, விரலை விட்டால் உயிர் போய்விடும் போல.

"எதிர்ல என்ன?" என்றான் என்சியோ.

"கேரவன். நார்வே நம்பர். என்னால கை தூக்க முடியாது."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, பயணி சீட்டில் இருந்துகொண்டு, நான்கு விரலைத் தூக்கினான், தலையை அரை அங்குலம் தாழ்த்தினான். அவர்களும் தூக்கினார்கள். தூக்கினார்கள் என்று அவனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அதுதான் ஏற்பாடு. நான் ஓட்டி, பார்த்து, சொல்வேன். அவன் கை காட்டுவான். கேரவன் என்றால் விரல் எழும். கார் என்றால் மடியிலேயே கிடக்கும். பால் டேங்கர் என்றபோது அவமானமாக இருந்ததோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சொதன்கூலாவுக்குள் பதினாறு கேரவன், ஒன்றைக்கூட விடவில்லை. இடது பக்கம் இரண்டு மான், வலது பக்கம் ஐந்து, எல்லாம் எண்ணிக்கையோடு, எல்லாம் நிஜம்.

அடுத்த நாள் கூசமோ தாண்டியதும் தூரத்தில் வெள்ளையாக, பெரிதாக ஒன்று வந்தது. அவன் ஓரக்கண்ணுக்கும் அது எட்டியிருக்க வேண்டும், கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. என்ன என்று என்னைக் கேட்டான்.

ஆந்தைப் படம் எனக்குத் தெரிந்துவிட்டது. கேரவன் என்று சொல்லிவிடலாம், சின்னப் பொய், யாருக்கு என்ன நஷ்டம் என்று வாய்வரை வந்தது. சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

"நூலக பஸ்" என்றேன்.

எழும்பிய கை அந்தரத்தில் நின்றது. அவன் யோசித்தான். பஸ் நெருங்கிக்கொண்டே வந்தது, ஹாமெக்காரனின் யோசனைக்குச் சாலை போதாது என்று நான் பயந்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அதே பெண். எங்கள் வண்டியை அவள் அடையாளம் கண்டுவிட்டாள், இந்த முறை எங்களுக்கு முன்னாலேயே கையைத் தூக்கிவிட்டாள்.

என்சியோவின் நான்கு விரலும் எழுந்தன. தலை அரை அங்குலம் தாழ்ந்தது.

"தெரிஞ்சவங்கதானே" என்றான்.

நானும் ஒரு கையை எடுத்து ஆட்டினேன். வண்டி கொஞ்சம் ஆடியது, உடனே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.